வலது கைக்கு வேலை கொடுத்த கதை

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரில் ஆப்பிள், ஹார்லிக்ஸ், அப்புறம் ஒரு பந்து வாங்கி வருவார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற, சிரித்த முகம் வரைந்த மஞ்சள் பந்து. "இத அமுக்கிக்கிட்டே இருங்க, கை தானா வந்துரும்." எனக்கு அப்படி நான்கு பந்துகள் சேர்ந்தன. நானும் அமுக்கினேன். அமுக்கினேன் என்று சொல்வது தப்பு. என் மனைவி விரல்களைப் பிரித்துப் பந்தை உள்ளே வைப்பாள், விரல்கள் தாமாக மடங்கிக் கவ்விக்கொள்ளும். அதை வெளியே எடுக்கத்தான் படாதபாடு.

மடங்குவதில் என் கைக்கு ஒரு சிக்கலும் இல்லை, விரிவதில்தான் சிக்கல். இது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் ஏற்கெனவே நன்றாக மடங்கிக்கொண்டிருந்த விரல்களை மேலும் மடங்கப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

திண்டுக்கல்லில் 26 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ்தான் முக்கிய வேலை. 2022 தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, இரவு ஒரு மணி வரை தைத்துவிட்டுக் கடையிலேயே துணி மூட்டைமேல் தலைசாய்த்தேன். விடிகாலையில் எழுந்தால் வலது கை சுருட்டி வைத்த லைனிங் துணி மாதிரிக் கிடந்தது. கையைக் கீழே போட்டுப் படுத்துவிட்டோம், மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்து உதறி உதறிப் பார்த்தேன். மறுபடி கொஞ்சம் படுத்தேன். ஏழரைக்கு டீ குடிக்கும்போது வாயின் ஓரத்தில் டீ வழிந்ததைப் பார்த்து டீக்கடைக்காரர்தான் பதறினார். 108 வந்து, மருத்துவமனை போய், ஸ்கேன் எடுத்தபோது மணி பத்து. மூளையின் இடப் பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு.

ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நான் விழித்தது ஐந்து மணிக்கு என்றாலும், கணக்கு அங்கிருந்து தொடங்குவதில்லை. கடைசியாக எப்போது நன்றாக இருந்தேனோ, அதாவது இரவு ஒரு மணியிலிருந்து. தூக்கத்தில் வந்தால் இதுதான் கொடுமை. அதற்காகக் காலையில் நான் வீணாக்கிய நேரத்துக்கு மன்னிப்பு இல்லை. முகம் கோணுகிறதா, கை தூக்க வருகிறதா, பேச்சு குழறுகிறதா என்று மூன்றையும் பார்த்திருந்தால் ஐந்து மணிக்கே தெரிந்திருக்கும். பிரஷர் மாத்திரையை நானாக நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கால் மூன்று வாரத்தில் ஓரளவு வந்துவிட்டது. பேச்சும் தெளிந்தது. கை வரவில்லை. பலருக்கும் இப்படித்தான், கால் முந்திக்கொள்ளும், கை பின்தங்கும்.

கை பின்தங்கியதற்கு நோய் மட்டும் காரணம் இல்லை. எங்கள் அன்பும் ஒரு காரணம். முதல் வாரம் கை துவண்டு கிடந்தபோது, கட்டிலிலிருந்து எழுப்ப வந்த என் மச்சினன் வலது கையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். தோள்பட்டைக் குழிக்குள் கை எலும்பு உட்கார்ந்திருப்பது சுற்றியுள்ள தசைகளின் பிடிப்பில்தான். தசை செத்துப்போனதுபோல இருக்கும்போது கையின் கனமே அதைக் கீழே இழுக்கும். தோளுக்குக் கீழே ஒரு விரல் வைக்கிற அளவு பள்ளம் விழுந்துவிட்டது. அப்புறம் வந்த வலி இருக்கிறதே, அந்த வலிக்குப் பயந்தே இரண்டு மாதம் யாரையும் கையைத் தொட விடவில்லை. தொட விடாததால் தோள் இறுகியது. இறுகியதால் வலி கூடியது.

இன்னொரு உறவினர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, ஃபேன் கொக்கி பக்கத்தில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றின் ஒரு முனையை வலது கையிலும் மறுமுனையை இடது கையிலும் கட்டிவிட்டார். இடது கையால் இழுத்தால் வலது கை மேலே போகும். பார்க்க ஏதோ பெரிய முன்னேற்றம் போலத் தெரியும். நான்கே நாளில் இரவு தூங்க முடியவில்லை. பிறகு வந்த பிசியோ அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை, கத்தரி கேட்டு அந்தக் கயிற்றை வெட்டியதுதான். தோள் பலவீனமாக இருக்கும்போது தலைக்கு மேலே இழுத்தால் உள்ளே நசுங்கும் என்றார்.

அவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வந்தவர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் உண்டு. எங்கள் தெருவுக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் அவரால் வர முடிந்தது. அதுவே ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. "நான் வர்ற அன்னைக்கு மட்டும் செஞ்சா ஒண்ணும் ஆகாதுப்பா. நான் வராத பதினாலு நாள்தான் உங்களுக்கு வைத்தியம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

தோளுக்கு அவர் சொன்னவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். எழுப்பும்போது கையையோ அக்குளையோ பிடிக்கக் கூடாது, இடுப்பைப் பிடிக்க வேண்டும். என் இடுப்பில் அகலமான கேன்வாஸ் பட்டை ஒன்று கட்டினோம், இரண்டு பக்கமும் பிடி வைத்து. கடைப் பையன் தைத்துக் கொடுத்தான். உட்காரும்போது மடியில் தலையணை வைத்து அதன்மேல் முழங்கை முதல் விரல்வரை படுக்க வைக்க வேண்டும், கை தொங்கவே கூடாது. தொங்கினால் புறங்கை வீங்கும். எனக்கு வீங்கித்தான் இருந்தது. கழுத்தில் மாட்டும் தூளி நடக்கும்போது மட்டும். நாள் முழுக்க மாட்டினால் கை மார்போடு ஒட்டியபடியே இறுகிவிடும். சட்டை போடும்போது வராத கைக்கு முதலில், கழற்றும்போது கடைசியில். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

நடுவில் புறா வந்த கதையும் உண்டு. புறா ரத்தத்தைச் சூடாகத் தேய்த்தால் வாதம் போய்விடும் என்று ஒரு பெரியவர் இரண்டு புறாக்களை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்துவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் சபலம்தான். ஆறு வாரம் அசையாத கையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் எதையும் நம்புவான். என் மனைவி பேசாமல் பெட்டியை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்த் திறந்துவிட்டாள்.

அதே வாரத்தில் ஒரு நாள் காலை, கட்டிலில் உட்கார்ந்து பெரிய கொட்டாவி விட்டேன். செத்துக் கிடந்த வலது கை தானாக மடங்கி மார்பு உயரத்துக்கு எழும்பியது. மனைவி கத்திவிட்டாள். மகள் ஓடி வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். "இன்னொரு தடவ தூக்குங்கப்பா" என்றாள் மகள். தூக்கினேன். வரவில்லை. கொட்டாவி முடிந்ததும் கை மெதுவாக இறங்கிவிட்டது. அன்றைக்கு முழுக்க வீட்டில் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த கொட்டாவி எப்போது என்று.

பிசியோ அம்மா சிரித்துக்கொண்டே விளக்கினார். கொட்டாவியில் கை எழும்புவது பக்கவாதத்தில் பார்க்கிற விஷயம்தானாம். நாமாக நினைத்துக் கையைத் தூக்குகிற பாதை வேறு, கொட்டாவிக்கான பாதை வேறு. அதை வைத்து நல்லது கெட்டது எதுவும் சொல்ல முடியாது. அப்போதுதான் அந்தக் கட்டங்களைப் பற்றியும் சொன்னார். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த சிக்னே புரூன்ஸ்ட்ராம் என்ற இயன்முறை நிபுணர், கை மீளும் வழியை ஆறு கட்டங்களாக வகுத்திருக்கிறார். முதலில் துவண்டு கிடக்கும். அப்புறம் இறுக்கம் தொடங்கும். இறுக்கம் உச்சிக்குப் போகும்போது கையை நீட்ட நினைத்தாலும் தோள், முழங்கை, விரல் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து மடங்கும். பிறகு ஒவ்வொரு மூட்டும் அந்தக் கட்டிலிருந்து பிரிந்து தனியாக வேலை செய்யப் பழகும். எல்லாரும் கடைசிவரை போவதில்லை, நடுவில் எங்கேயும் நின்றுவிடலாம். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று வீட்டில் அழுதது இரண்டாவது கட்டத்தைப் பார்த்துத்தான். உண்மையில் அது கை நகரத் தொடங்கியதன் அடையாளம்.

பந்தைத் தூக்கிப்போடச் சொன்னதும் அவர்தான். "இழுத்துப் பிடிச்சிருக்கிற கைக்குப் பிடிக்கவா சொல்லிக்குடுக்கணும்? விடச் சொல்லிக்குடுங்க."

பயிற்சிக்குக் கருவி எதுவும் வாங்கவில்லை. என் கட்டிங் டேபிள் ஆறடி நீளம், வழவழவென்று இருக்கும். அதன்மேல் துண்டை மடித்துப் போட்டு, அதில் வலது கையை வைத்து, முன்னால் தள்ளி இழுப்பது. கையைத் தூக்க வேண்டியதில்லை, கனத்தை மேசை தாங்கிக்கொள்ளும். முதல் நாள் நான்கு அங்குலம் போனது. சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். அளவெடுத்துக் கோடு போடுவதுதானே நம் தொழில். ஒரு மாதத்தில் 17 அங்குலம். உடம்பை முன்னால் சாய்த்து ஏமாற்றுகிறேனா என்று பார்க்க மகள் என் முதுகை நாற்காலியோடு துப்பட்டாவால் கட்டிவைத்தாள். கட்டிய அன்று 17 அங்குலம் 11 ஆகிவிட்டது. கோபம் வந்தது. ஆனால் 11தான் நிஜம்.

விரல்களுக்குக் கண்ணாடி. பிளவுஸ் முதுகு டிசைனை வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஒன்றரை அடிக் கண்ணாடி ஒன்று கடையில் இருந்தது. அதை மேசையில் என் நெஞ்சுக்கு நேராக நிறுத்தி, வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து, இடது கையை முன்னால் வைத்து விரித்து மூடுவேன். கண்ணாடியில் தெரிவது வலது கை நன்றாக விரிந்து மூடுவது மாதிரி இருக்கும். ஒளிந்திருக்கும் கையையும் கூடவே விரிக்க முயல வேண்டும். தினமும் அரை மணி நேரம். இதைத் தொடங்கிவைத்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கலிஃபோர்னியாவில் 1990களில், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வருகிற வலிக்காக இந்தக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். 1999இல் அவரும் பங்குகொண்ட ஒரு சின்ன ஆய்வில் பக்கவாதம் வந்த 9 பேருக்குச் செய்து பார்த்தார்கள். இதெல்லாம் மகள் படித்துச் சொன்னது. முதல் வாரம் எனக்கு வெறும் கூச்சம்தான், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று. மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் கண்ணாடிக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் துடித்தது. நான் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்த பையன்தான் பார்த்தான். கண்ணாடி எல்லாருக்கும் பலன் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துளியும் விரியாத விரல்களுக்கு, செய்வதற்கு ஒரு வேலை என்று அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

இதற்குள் நான்கு மாதம். இந்த இடத்தில் என் மனசு எப்படி இருந்தது என்று சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால் அழுவேன். யார் வந்தாலும் தூங்குவது போலப் படுத்துக்கொள்வேன். பயிற்சியும் ஒரு வாரம் நின்றது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். மருத்துவர்தான், பக்கவாதத்துக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, இதுவும் நோயின் பகுதி என்று சொல்லி மாத்திரை எழுதினார். ஒரு மாதத்தில் மேசைக்குத் திரும்பினேன். கை வரவில்லை என்று புலம்புகிற வீடுகளில் முதலில் இதைத்தான் கவனிக்கச் சொல்வேன்.

சரி, இடது கை விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் வலது கை வராமல் போனால் அது வெறும் கை பிரச்சினை இல்லை. சாப்பிடும் கை அது, காசு வாங்கும் கை, திருநீறு வாங்கும் கை. வாடிக்கையாளர் நீட்டும் துணியை இடது கையால் வாங்கும்போது அவர்கள் முகத்தில் ஒன்றும் இருக்காது, என் முகத்தில்தான் இருக்கும். ஆனால் மனுசன் எதற்கும் பழகிவிடுவான். ஐந்தாவது மாதம் ஸ்பூனால் சாப்பிடுவது, பல் தேய்ப்பது, போன் பேசுவது எல்லாம் இடது கையால் கச்சிதமாகிவிட்டது. வலது கை இப்போது கொஞ்சம் விரியும், மணிக்கட்டு கொஞ்சம் நிமிரும். ஆனால் நான் அதைக் கூப்பிடுவதே இல்லை. மூக்கு அரித்தால்கூட இடது கைதான் போகும்.

பிசியோ அம்மாவுக்கு அதுதான் கவலை. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குரங்குகளின் ஒரு கையில் உணர்ச்சி நரம்பை வெட்டிப் பார்த்தாராம். அந்தக் கையால் அசைய முடியும், ஆனாலும் குரங்கு அதைப் பயன்படுத்தாது. ஆரம்பத்தில் முயன்று தோற்றதை வைத்தே, அந்தக் கை இல்லை என்று முடிவு செய்துவிடும். நல்ல கையைக் கட்டிவைத்தால் வேறு வழியில்லாமல் மற்றதைப் பயன்படுத்தும். குரங்குக்கு நடந்த கொடுமை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குரங்கு நான்தான். இதை வைத்து மனிதர்களுக்குச் செய்த பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர். சிகிச்சை பெற்றவர்களுக்கு இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நல்ல கைக்கு உறை. பாதிக்கப்பட்ட கையில் நல்ல முன்னேற்றம், அது ஒரு வருடம் கழித்தும் நிலைத்திருந்தது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. மணிக்கட்டையும், கட்டைவிரலோடு இன்னும் இரண்டு விரல்களையும் குறைந்தது 10 டிகிரியாவது நிமிர்த்த வர வேண்டும். கடிகாரத்தின் பெரிய முள் இரண்டு நிமிடத்தில் நகர்வதைவிடக் குறைவு, ஆனால் அதுகூட இல்லாத கையை வைத்துக்கொண்டு நல்ல கையைக் கட்டினால் கோபம்தான் மிஞ்சும். எனக்கு அந்த அளவு வந்திருந்தது. இரண்டு வாரம் முழுநேரமும் என் வயசுக்கும் வீட்டுக்கும் சரிவராது என்பதால் தளர்த்திய முறையை எடுத்துக்கொண்டோம், ஒரு நாளைக்கு 5 மணி நேரம், வாரம் 5 நாள், 10 வாரம். உறையைக் கடைப் பையன் தைத்தான். உள்ளே பஞ்சு, மணிக்கட்டில் வெல்க்ரோ, விரல் பிரியாத ஒரே பை. குளியலறை, மாடிப்படி, அடுப்படி, சூடான டீ, இந்த நான்கிலும் கழற்றிவிட வேண்டும் என்று விதி.

முதல் நாள் காலை உறையை மாட்டிக்கொண்டு இட்லி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு இட்லிக்கு 25 நிமிடம். பாதி தரையில். மனைவியின் கை தன்னையறியாமல் நீண்டு நீண்டு பின்வாங்கியது. கடைசியில் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அந்தப் பத்து வாரத்தில் என்னைவிடக் கஷ்டமான வேலை அவளுக்குத்தான்.

எண்ணிக்கை முக்கியம். வெளிநாட்டு மருத்துவமனைகளில் பயிற்சி நேரத்தைக் கவனித்து எண்ணியிருக்கிறார்கள், 2009இல் வெளிவந்த ஆய்வு. ஒரு அமர்வில் கை செய்கிற உருப்படியான அசைவு சராசரியாக 32 தானாம். 32 தையலில் ஒரு பிளவுஸுக்குக் கொக்கிகூட வைத்து முடிக்க முடியாது. எனக்குத் தையல் கை வர எத்தனை ஆயிரம் தையல் ஆகியிருக்கும்! அதனால் நூறு பொத்தான்களை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் விடுவேன். காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தொடக்கத்தில் பெரிய கோட்டுப் பொத்தான், அப்புறம் சட்டைப் பொத்தான். எடுப்பதைவிட விடுவதில்தான் கவனம், ஒவ்வொரு தடவையும் விரல் முழுக்க விரிய வேண்டும். அலுத்துப்போனால் மனைவி பல்லாங்குழியை எடுத்துவருவாள். புளியங்கொட்டையைக் குழி குழியாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவது இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். என்ன, ஒரு ஆட்டம் முடிய ஒன்றரை மணி நேரம். துணி கிளிப்பைக் கொடியில் மாட்டிக் கழற்றுவது, பட்டாணி உரிப்பது, இஞ்ச் டேப்பைச் சுருட்டுவது எல்லாம் நடந்தது.

இந்தச் சமயத்தில் ஒரு தப்பும் செய்தேன். கை வந்துவிட்ட தெம்பில் இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் வலது கையை வைத்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது, சுண்டுவிரல் பக்கம் வெந்துவிட்டது. அசைவு திரும்பினாலும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. அதிலிருந்து சூடான எதற்குப் பக்கத்திலும் வலது கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வைக்கிறேன். தண்ணீர்ச் சூட்டை இடது கையால்தான் பார்ப்பேன்.

இப்போது எந்த நிலையில் இருக்கிறேன் என்று கேட்பீர்கள். தோளுக்கு மேலே கை முக்கால்வாசி போகும். குளிர் நாளிலும் அவசரமாக நடக்கும்போதும் முழங்கை தானாக மடங்கிக்கொள்ளும். பெரிய முன்னேற்றமெல்லாம் முதல் ஆறு மாதத்துக்குள் நடப்பதுதான், ஆனால் எனக்கு இரண்டாவது வருடத்தில்தான் சட்டைப் பொத்தான் வந்தது, காலர் பொத்தானைத் தவிர. பழையபடி பிளவுஸ் வெட்ட முடியாது. இடது கைக்காரர்களுக்கான கத்தரி ஒன்று வாங்கினேன். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் வெட்டுகிற கோட்டை மேல் அலகே மறைக்கும், அலகுகளும் விலகித் துணியை மடக்கும். இடது கை வெட்டுகிறது, வலது கை துணியை நகராமல் அழுத்திப் பிடிக்கிறது. எஜமான் எடுபிடி ஆனான், எடுபிடி எஜமான் ஆனான். தலையணை உறை, உள்பாவாடை, நேர்த்தையல் எல்லாம் நானே. பிளவுஸும் காஜாவும் பையனுக்கு.

சாப்பாட்டில் இட்லி முதலில் வந்தது, அப்புறம் சப்பாத்தி. தோசையைப் பிய்க்க இரண்டு விரலுக்குத் தனித்தனி பலம் வேண்டும், அதற்கு இன்னும் மூன்று மாதம் ஆனது. தயிர் சாதம் போன பொங்கலுக்கு வந்தது. ரசம் சாதத்துக்கு இன்னும் ஸ்பூன்தான்.